கதையா, நிஜமா? அட்டையைக் கேளுங்கள்!

டோல்கேட்டில் எங்கள் தெருவுக்குப் பகல் இரண்டு மணி என்றால் கொஞ்சம் ஓய்வு. குழந்தைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வர நேரம் இருக்கும். மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிந்திருக்கும். ஹைரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளின் உறுமல் மட்டும் ஓயாது. அந்த ஒன்றரை மணி நேரம் எங்கள் நாலு பேருக்குச் சொந்தம். கீழ்வீட்டு அக்கா, எதிர்வீட்டு அண்ணி, மாடியில் குடியிருக்கும் கைக்குழந்தைக்காரப் பெண், அப்புறம் நான். ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தி துணி மடிப்பாள், ஒருத்தி உரக்கப் படிப்பாள். எங்கள் வாசகர் வட்டம் இவ்வளவுதான்.

ஒரு நாள் கீழ்வீட்டு அக்கா பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு புத்தகம் வாங்கி வந்தார். முன்னட்டை இல்லை. பின்னட்டையும் இல்லை. முதல் சில பக்கங்களும் போய்விட்டிருந்தன. யார் எழுதியது, எந்த வருஷம், ஒன்றும் தெரியாது.

"பத்து ரூபாய்க்குக் குடுத்தான். பேசுற மாதிரியே எழுதியிருக்கு, அதான் எடுத்தேன்" என்றார் அக்கா.

நாலு மத்தியானத்தில் படித்து முடித்தோம். ஒரு கிராமம். எந்தச் சாதி எந்தத் தெருவில் என்று கோடு போட்ட மாதிரி பிரிந்து கிடக்கிற கிராமம். அங்கே ஒரு சின்னப் பெண் பள்ளிக்கூடம் விட்டு வருகிறாள். வழியில் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னால், அவன் சிரிக்கவில்லை. அந்தப் பொட்டலம் ஏன் அப்படிப் போயிற்று என்று விளக்குகிறான். அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டோம். அக்கா ரொம்ப நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "எங்க ஆயாவுக்கும் தனி டம்ளர்தான்" என்றார். பத்து வருஷமாக ஒரே காம்பவுண்டில் இருக்கிறோம். அதுவரை அவர் அதைச் சொன்னதில்லை.

புத்தகம் முடிந்ததும் சண்டை ஆரம்பித்தது. "இது கதைதான். கதைன்னா இப்படித்தான் எழுதுவாங்க" என்றார் அண்ணி. "இல்லைம்மா, நடந்ததாத்தான் இருக்கணும். இவ்ளோ சின்னச் சின்ன விஷயமெல்லாம் யாரும் கட்டிச் சொல்ல முடியாது" என்றார் அக்கா. கதை சொல்கிறவளின் பெயரையோ ஊர்ப் பெயரையோ தேடிக் கண்டுபிடிக்கலாம் என்றால், புத்தகத்தில் அகப்படவில்லை.

ஒரு மாதம் கழித்து நூலகத்தில் அதே புத்தகம் முழுசாகக் கிடைத்தது. அது 'கருக்கு'. எழுதியவர் பாமா. முதல் பதிப்பு 1992. உங்களில் பலர் படித்திருப்பீர்கள். எங்களுக்குத்தான் அட்டையில்லாமல் அறிமுகம் ஆயிற்று! எடுத்து வந்து, விட்டுப்போன முன்னுரையைப் படித்தோம். பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் மாதிரி இருக்கிறதே, அதுதான் கருக்கு. சின்ன வயசில் விறகு பொறுக்கப் போனபோது அது கீறியதை நினைத்து அந்தப் பெயரை வைத்ததாக ஆசிரியர் சொல்கிறார். அட்டை இல்லாத புத்தகத்தில் எங்களுக்கு இந்தச் செய்தியே கிடையாது. தலைப்பு தெரிந்த பிறகு கதையே இன்னும் கூர்மையாகிவிட்டது.

ஆனால் கூடவே வேறொன்றும் நடந்தது. பின்னட்டையையும் ஆசிரியர் அறிமுகத்தையும் படித்தோம். தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், கன்னியர் மடத்தில் சேர்ந்து சில வருஷம் கழித்து வெளியே வந்தவர், இது அவருடைய சொந்த வாழ்க்கை என்று தெரிந்ததும் அண்ணி, "ஐயோ பாவம், அவங்க எவ்ளோ கஷ்டப்பட்டிருக்காங்க!" என்றார். போன மாதம் அது 'எங்க ஆயா' கதையாக இருந்தது. இப்போது 'அவங்க' கதையாகிவிட்டது. அக்காவுக்கோ நேர்மாறு. "தைரியமா எழுதிட்டாங்க பாரு!" என்று முன்னுரைப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

அதே எழுத்து, அதே கேள்விக்காரர்கள். நாலைந்து பக்கம் கூடுதலாக ஒட்டியிருந்ததில் இரண்டு பேர் இரண்டு திசைக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு இந்த அட்டை, முன்னுரை விஷயத்தில் ஒரு கண். சமையல் குறிப்பு, நாட்டு வைத்தியப் புத்தகத்துக்கு எந்த அட்டை போட்டாலும் ரசம் ரசம்தான். சொந்த வாழ்க்கையைக் கதையாக எழுதினால் சமாசாரம் வேறு. நாவல் என்று ஒரு வார்த்தை போட்டால் படிக்கிறவர் ஒரு மாதிரி உட்கார்ந்து படிக்கிறார். சுயசரிதை என்று போட்டால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார். 'கருக்கு'வையே ஒரு பட்டியலில் நாவல் என்று போடுகிறார்கள், இன்னொன்றில் தன்வரலாறு என்கிறார்கள். இந்த வார்த்தையைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் எழுதினவர்தானா? பல சமயம் பதிப்பாளர், இன்னும் சில சமயம் கடைக்காரர்!

நம் முன்னோருக்கு இது தெரியாததல்ல. பவணந்தி முனிவரின் நன்னூல், நூலின் முகத்தில் வருகிற பாயிரத்தைப் பற்றி விஸ்தாரமாகப் பேசுகிறது. எவ்வளவு பெரிய நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே இல்லையாம். மாடத்துக்குச் சித்திரம், ஊருக்குக் கோபுரம், பெண்களுக்கு நகை போலத்தான் நூலுக்குப் பாயிரம். (நகைக்கு நம்மைத்தானே உதாரணம் காட்டுவார்கள்!) இன்னொரு விதியும் உண்டு. தன்னைத் தானே புகழ்வது தகாது. அதனால் பாயிரத்தை ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணவரோ, உரை எழுதியவரோ செய்ய வேண்டும். அணிந்துரை என்று இன்றைக்கு நாம் சொல்கிறோமே, அந்தப் பெயரும் பாயிரத்துக்கு நன்னூல் சொல்கிற பெயர்களில் ஒன்று. இன்னொரு பெயர் என்ன தெரியுமா? புனைந்துரை!

மற்றவர் எழுதுகிற முன்பக்கம் ஒரு பெண்ணின் கதையை என்ன செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆன கதை.

கிருபாபாய் சத்தியநாதன் 1862-ல் அகமதுநகரில் பிறந்தவர். பெற்றோர் பிராமணர்களாக இருந்து கிறிஸ்தவரானவர்கள். படிப்பில் கெட்டி. வெளிநாட்டில் போய்ப் படிக்க வாய்ப்பு வந்தது. உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் தடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக 1878-ல் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தே அப்போது மூணு வருஷம்தான் ஆகியிருந்தது. முதல் வருஷம் பிரமாதமாகப் பரீட்சை எழுதினார். ஆனால் உடம்பு விட்டுக்கொடுத்துவிட்டது; படிப்பு நின்றது. பிறகு சாமுவேல் சத்தியநாதனைத் திருமணம் செய்துகொண்டார். ஊட்டியில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து நடத்தினார். சென்னைக்குத் திரும்பிய பிறகு ஆங்கிலத்தில் 'சகுணா' என்ற கதையை எழுதினார். 1887, 1888-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகையில் அது தொடராக வந்தது. கதாநாயகி சகுணாவும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்தான், அவளும் சென்னைக்கு டாக்டர் படிப்புக்கு வருகிறாள், அவளுக்கும் உடம்பு கெடுகிறது. பெயரை மாற்றிவிட்டார், அவ்வளவுதான்!

இதற்கு நடுவில் பிறந்த ஒரே குழந்தை ஒரு வயசு முடியுமுன் போய்விட்டது. அதன்பின் அவர் உடம்பு தேறவே இல்லை. படுக்கையும் எழுத்துமாகவே இரண்டாவது கதை 'கமலா'வை முடித்தார். 1894-ல் காலமானார். வயசு 32.

இனி அட்டைக்கு வாருங்கள். 1895-ல் 'சகுணா' புத்தகமாக வந்தபோது அதன் பெயருக்குக் கீழே 'சுதேசக் கிறிஸ்தவ வாழ்க்கையின் கதை' என்ற பொருளில் ஒரு வரி. 'கமலா'வுக்கு 'இந்து வாழ்க்கையின் கதை'. இரண்டையும் பார்த்தால் என்ன தோன்றும்? ஒரு சமூகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பிரயோஜனமான புத்தகங்கள் என்றுதானே? வெள்ளைக்கார வாசகர்களுக்கு ஜன்னல் திறந்து காட்டுகிற மாதிரி. அதோடு 'கமலா'வின் முன்னால் திருமதி கிரிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, கல்வி இலாகா அதிகாரியின் மனைவி, ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதியிருக்கிறார். அன்போடு எழுதினதுதான். ஆனால் வாசகி கதைக்குள் நுழையும் முன்பே, எழுதியவள் நோயாளி, குழந்தையைப் பறிகொடுத்தவள், இளம் வயசில் இறந்தவள் என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் கதையில் ஒரு வேடிக்கையான இடம் வந்தால்கூடக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கும்.

நூறு வருஷம் கழித்து, 1998-ல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் இரண்டையும் மறுபதிப்புச் செய்தது. பதிப்பாசிரியர் சாந்தனி லொகுகே. இப்போது 'சகுணா'வின் கீழே என்ன வரி? 'இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் சுயசரிதை நாவல்' என்ற பொருளில் ஒன்று. 'கமலா'வுக்கோ 'ஓர் இந்துக் குழந்தை மனைவியின் கதை'. உள்ளே கதை அதேதான். ஆனால் முதலில் ஊழியத்துக்கு உதவுகிற புத்தகமாக இருந்தது, இப்போது பெண் விடுதலையின் முதல் வரிசைப் புத்தகம். கிருபாபாய் உயிரோடிருந்தால் எந்த அட்டையைப் பிடித்திருக்கும்? கேட்கத்தான் ஆளில்லை. என்னைக் கேட்டால், இரண்டாவது அட்டைதான் அவரை ஓர் எழுத்தாளராக மதிக்கிறது. முதலாவது அவரை ஒரு மாதிரிப் பொருளாக வைத்துக் காட்டுகிறது. ஆனாலும் 'முதல்' என்று போட்டுவிட்டால் அந்தப் புத்தகத்தைப் பரீட்சைக்காரர்கள்தான் அதிகம் தேடுவார்கள், மத்தியானம் கீரை ஆய்கிறவர்கள் தேடுவதில்லை என்ற சின்ன வருத்தமும் எனக்கு உண்டு.

சீமையிலும் இந்த வம்பு நடந்திருக்கிறது. 'ஜேன் அயர்' 1847-ல் வந்தபோது அட்டையில் 'ஒரு சுயசரிதை, பதிப்பித்தவர் கரர் பெல்' என்றுதான் இருந்தது. கரர் பெல் என்பது சார்லட் பிராண்டியின் புனைபெயர். ஒரு பணக்கார வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரப் போகிற ஏழைப் பெண். வீட்டுக்காரருக்கோ மனநோயால் அடைத்து வைக்கப்பட்ட மனைவி. இதுதான் கதை. இரண்டாம் பதிப்பில் தனக்குப் பிடித்த எழுத்தாளரான தாக்கரேக்குச் சமர்ப்பணம் என்று போட்டார் சார்லட், வெறும் மரியாதைக்காக. ஆனால் தாக்கரேயின் மனைவி நிஜமாகவே மனநோயாளி! சார்லட்டுக்கு அது தெரியவே தெரியாது. லண்டன் முழுக்க, இதை எழுதியவள் தாக்கரே வீட்டில் வேலை பார்த்தவள் என்று கிசுகிசு பறந்தது. 'சுயசரிதை' என்ற வார்த்தையும் ஒரு சமர்ப்பணமும் சேர்ந்து செய்த வேலை. சார்லட் வெட்கத்தால் குன்றிப்போனார்.

இதற்கு நேர் எதிர் இன்னொன்று. ஹாரியட் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண் அடிமையாகப் பிறந்தவர். எஜமானனின் தொல்லைக்குப் பயந்து பாட்டி வீட்டுக் கூரைக்கு அடியில், நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பொந்தில், ஏறக்குறைய 7 வருஷம் ஒளிந்திருந்தார். கீழே தன் இரண்டு குழந்தைகள் ஓடி விளையாடுவதைச் சுவரில் துளைத்த ஒரு சிறு ஓட்டை வழியாகப் பார்ப்பார். 'அம்மா இங்கே இருக்கேன்' என்று ஒரு சத்தம் கொடுக்க முடியாது. குழந்தை பெற்றவர்களுக்கு அது என்ன வேதனை என்று சொல்லவேண்டாம். 1861-ல் அதைப் புத்தகமாக்கினார். முன்னுரையில் இது கட்டுக்கதை அல்ல என்று உறுதி சொன்னார். ஆனால் மானத்துக்குப் பயந்து எல்லாப் பெயரையும் மாற்றி, தனக்கும் லிண்டா பிரெண்ட் என்று பெயர் வைத்துக்கொண்டார். முதல் பக்கத்தில் அச்சானதோ, பதிப்பித்த வெள்ளைக்காரப் பெண்மணி லிடியா மரியா சைல்டின் பெயர். விளைவு? ரொம்ப காலத்துக்கு அறிஞர்கள் பலர், இது அந்தப் பெண்மணி கட்டிய நாவல் என்றே நினைத்தார்கள். 1980-களில் ஜீன் ஃபேகன் யெலின் என்ற பேராசிரியை பழைய கடிதங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றும் நடந்ததுதான் என்று நிரூபித்தார். 1987 பதிப்பில் ஹாரியட்டின் சொந்தப் பெயர் அட்டைக்கு வந்தது. அதற்குள் அவர் இறந்து 90 வருஷம்.

கதை என்று நினைத்தால் ஒரு தாயின் ஏழு வருஷம் பொய்யாகிறது. நிஜம் என்று நினைத்தால் சம்பந்தமில்லாதவர் மானம் போகிறது. நடுவில் நிற்பது எழுதின பெண்தான்.

நம் பக்கத்து மலையாளத்தில் கமலா தாஸ் எழுதிய 'என் கதை' 1972-ல் பத்திரிகைத் தொடராக வந்து ஊரையே இரண்டாக்கியது. 1976-ல் ஆங்கிலத்தில் வந்தபோது அவர் முன்னுரையில் எழுதிய காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள்? இருதய நோயில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன், மரண பயத்தை மறக்க எழுதச் சொன்னார் டாக்டர், ஆஸ்பத்திரி பில்லும் கட்டவேண்டியிருந்தது என்கிறார்! இதை முதலில் படித்துவிட்டு உள்ளே போனால் ஒவ்வொரு பக்கமும் மரணப் படுக்கை வாக்குமூலம் மாதிரி இருக்கிறது. பிற்பாடு அவரே, அதில் கற்பனையும் நிறைய உண்டு என்று பேட்டிகளில் சொன்னார். நம்பினவர்களுக்குக் கோபம். எனக்கென்னவோ கோபம் வரவில்லை. பில் கட்டின அன்றைக்கு ஒரு நியாயம், புத்தகத்தால் உறவுக்காரர் முகத்தில் விழிக்க முடியாமல் போன அன்றைக்கு இன்னொரு நியாயம்.

தமிழில் சிவகாமி செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த காரியம். 1989-ல் வந்த அவருடைய 'பழையன கழிதலும்' நாவலில் கௌரி என்ற பெண்ணின் அப்பா காத்தமுத்து. ஊருக்குப் பெரிய மனுஷர், வீட்டிலோ அதிகாரக்காரர். ஆசிரியரின் சொந்தக் கதையா என்று படித்தவர்கள் கேட்காமல் இருப்பார்களா? அவர் மறுப்பு அறிக்கை விடவில்லை. 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நாவலே எழுதினார்! அதில் முதல் நாவலை எழுதியவள் ஊருக்குத் திரும்பிப் போய், நான் எழுதினது சரியா, எதை விட்டேன், அப்பாவை ஏன் அப்படிக் காட்டினேன் என்று தன்னையே விசாரித்துக்கொள்கிறாள். 2006-ல் ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே அட்டைக்குள் வந்தன. முதலாவதை மட்டும் படித்தால் காத்தமுத்து ஒருவர். இரண்டையும் படித்தால் வேறொருவர்.

பாமாவுக்கோ விசாரணை நேரிலேயே நடந்தது. புத்தகம் வந்த பிறகு ஊர்க்காரர்கள் கோபத்தால் சில மாதம் ஊருக்குள்ளேயே போக முடியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். நம்மைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று நினைத்தார்களாம். ஊர்ப் பெயர் போடாமலே இந்தப் பாடு.

இப்போதெல்லாம் நாங்கள் புத்தகத்தை எடுத்தால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அட்டைக்குப் பழைய காலண்டர் தாளைப் போட்டு மூடிவிடுவேன். பெண் எழுதினது என்றால் அழுகிற முகமோ ஜன்னல் கம்பியோ போட்டுவிடுகிறார்கள், அது முதலில் கண்ணில் படக்கூடாது. வருஷம் அச்சிட்ட பக்கத்தை மட்டும் பார்ப்போம், இது எத்தனையாவது பதிப்பு என்று. அணிந்துரை கடைசியில்தான். என்னுரை மட்டும் அண்ணியின் பிடிவாதத்தால் நடுவில் ஒரு நாள். "அவங்களே சொல்றதைக் கேக்காம எப்படி?" என்பார். மொழிபெயர்ப்பு என்றால் மட்டும் முதலிலேயே முன்னுரை படிக்கிறோம். ஊர் பழக்கம் தெரியாமல் உள்ளே போய் முழிப்பதைவிட அது மேல்.

மாடிவீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். சண்டையிலெல்லாம் அவள் வாயே திறக்கமாட்டாள். ஒரு நாள் மற்ற இரண்டு பேரும் போன பிறகு என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாள். பிரசவம் ஆன புதிதில், மாமியார் வீட்டில் கழிந்த மூன்று மாதத்தை எழுதியிருந்தாள். பால் கட்டி ஜுரத்தில் கிடந்தபோது, 'நாங்கெல்லாம் பெத்துக்கலையா' என்று கேட்டது, ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து குழந்தையோடு சேர்ந்து அழுதது, எல்லாம். நன்றாக எழுதியிருந்தாள். நிஜமாகவே நன்றாக.

"அக்கா, பத்திரிகைக்கு அனுப்பினா, கதைன்னு போடட்டுமா, அனுபவம்னு போடட்டுமா?" என்று கேட்டாள்.

கதை என்று போட்டால், படிக்கிற இன்னொரு பிள்ளைத்தாய்ச்சி, 'எல்லாம் கட்டி எழுதுறது' என்று புரட்டிவிடலாம். அனுபவம் என்று போட்டால் பொங்கலுக்கு இவள் அந்த வீட்டு வாசல்படி ஏறவேண்டும். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "முதல்ல நோட்டுக்கு ஒரு அட்டை போட்டு வை" என்றேன்.

போட்டாள். பிரவுன் தாள் அட்டை, மேலே லேபிளில் 'பால் கணக்கு'.

போன மாதம் பால்காரருக்குப் பணம் கொடுக்க அவள் வீட்டுக்காரர் அந்த நோட்டை எடுத்துவிட்டாராம். நின்றபடியே நாலு பக்கம் படித்துவிட்டு, "இது என்ன கதை?" என்று கேட்டிருக்கிறார்.

"லைப்ரரி புஸ்தகத்துலேருந்து எழுதி வெச்சேன்" என்றாளாம்.

"நல்லாருக்கு. ஆனா அந்த மாமியார் ரொம்ப மோசம்" என்று சொல்லிவிட்டு, மேஜை மேல் நோட்டை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாராம்.